நிலக்கரி ரயிலில் போனது, வறுமை மலையிலேயே நின்றது



“முதலில் நாடு வளரட்டும். நாடு வளர்ந்தால் உங்கள் சம்பளமும் வீடும் தானாகவே சரியாகிவிடும்.” இந்தப் பேச்சை நாம் தேர்தல் மேடைகளிலும் கேட்டிருக்கிறோம், சம்பளப் பேச்சுவார்த்தை மேசைகளிலும் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் இது உண்மையா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டை எடுத்துக்கொள்வோம். அந்த நாட்டின் செல்வத்தை மண்ணுக்கு அடியிலிருந்து தோண்டிக் கொடுத்த தொழிலாளி இன்று எப்படி வாழ்கிறான்?

நான் சொல்வது ஐக்கிய அமெரிக்காவை. வகுப்பில் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்பார்கள், “அமெரிக்காவிலும் ஏழைகள் இருக்கிறார்களா?” என்று. தொலைக்காட்சியில் வருவது நியூயோர்க்கின் உயர்ந்த கட்டடங்கள்தானே. அந்த நாட்டின் கிழக்குப் பக்கம் நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைகளை யாரும் காட்டுவதில்லை. மேற்கு வேர்ஜினியா, கென்டக்கி மாநிலங்களின் மலைப் பள்ளத்தாக்குகளில் நூறு வருடங்களுக்கு மேலாக நிலக்கரி தோண்டிய மக்கள் வாழ்கிறார்கள். அந்த நிலக்கரிதான் அமெரிக்காவின் உருக்காலைகளை எரிய வைத்தது, ரயில்களை ஓட வைத்தது, நகரங்களுக்கு விளக்கேற்றியது.

மேற்கு வேர்ஜினியாவில் மெக்டவல் என்றொரு மாவட்டம். ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே அதிக நிலக்கரி தந்த மாவட்டம் அது. 1950இல் அங்கே ஏறக்குறைய 99,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் சுமார் 19,000 பேர். அங்கிருந்து 350 மைல் தூரத்தில், தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், ஃபெயர்ஃபக்ஸ் என்ற பணக்கார மாவட்டம் இருக்கிறது. சுமார் பத்து வருடங்களுக்கு முன் வந்த கணக்குப்படி, ஃபெயர்ஃபக்ஸில் ஓர் ஆணின் சராசரி ஆயுள் 82 வருடம். மெக்டவலில் 64. ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே டொலர். ஆனால் ஆயுளில் பதினெட்டு வருட வித்தியாசம்.

இதற்கு அந்த நாட்டுப் பெரிய மனிதர்கள் சொன்ன காரணம் நமக்கும் பழக்கமானதுதான். மலைக்காரன் சோம்பேறி, குடிகாரன், படிக்காதவன், முன்னேற விருப்பமில்லாதவன் என்றார்கள். ‘ஹில்பில்லி’ என்று கேலிப் பெயரும் வைத்தார்கள். என் கருத்து இதுதான்: ஏழையின் குணத்தில் காரணம் தேடுகிறவன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க விரும்பாதவன். அந்தப் புத்தகத்தை நாம் திறந்து பார்ப்போம்.

நிலம் யாருடையது?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலம் வாங்கும் முகவர்கள் அந்த மலைகளுக்குள் வந்தார்கள். விவசாயிகளிடம், “உங்கள் காணி உங்களுக்கே இருக்கட்டும், அடியில் கிடப்பதை மட்டும் எங்களுக்கு எழுதித் தாருங்கள்” என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் பத்திரத்தில் கீறல் அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஏக்கருக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. பிறகு மலையை மேலிருந்தே வெட்டும் பெரிய யந்திரங்கள் வந்தன. கென்டக்கியில் அந்தப் பழைய பத்திரங்களைக் காட்டியே கம்பனிகள் தோட்டத்தையும் வேலியையும் புரட்டிப் போட்டன. நீதிமன்றங்களும் பல காலம் கம்பனி பக்கமே நின்றன. மக்கள் விடாமல் போராடி, 1988இல் வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசியலமைப்பையே திருத்திய பிறகுதான் அந்த அநியாயம் நின்றது.

அந்த மக்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் 80 மாவட்டங்களின் காணிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 1981இல் அறிக்கை வந்தது. நிலத்திலும் கனிமத்திலும் பெரும்பங்கு அந்த ஊரில் வாழாதவர்கள் கையிலும் வெளிக் கம்பனிகள் கையிலும் இருந்தது. கனிம உரிமை வைத்திருந்தவர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் ஏக்கருக்கு 25 சதத்துக்கும் குறைவாகவே வருட வரி கட்டினார்கள். ஒரு டொலரில் கால்வாசி கூட இல்லை!

இதில் ஓர் ஆசிரியன் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளிக்கூடச் செலவின் கணிசமான பகுதி அந்தந்த ஊரில் அறவிடும் சொத்து வரியிலிருந்து வருகிறது. சொத்து முழுக்க வெளியார் கையில் இருந்து, அவர்கள் வரியும் கட்டாவிட்டால் பள்ளிக்கூடம் எப்படி நிமிரும்? ஆஸ்பத்திரிக்கும் ரோட்டுக்கும் பணம் எங்கிருந்து வரும்? பிள்ளை படிக்கவில்லை என்று பெற்றோரைத் திட்டுவது சுலபம். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குச் சேர வேண்டிய காசு எந்த வழியாக வெளியே போனது என்று கேட்பதுதான் கஷ்டம்.

கம்பனி வீடு, கம்பனி கடை, கம்பனிக் காசு

சுரங்கத் தொழிலாளி குடியிருந்தது கம்பனி வீட்டில். சாமான் வாங்கியது கம்பனி கடையில். பல இடங்களில் கூலியே அரசாங்கக் காசாகக் கிடைக்கவில்லை. கம்பனி அடித்த வில்லைகளைக் கொடுத்தார்கள், அவை கம்பனி கடையில்தான் முழு மதிப்புக்குச் செல்லும். சம்பள நாளில் வாடகை, மருந்து, மண்வெட்டி, வெடிமருந்து என்று எல்லாம் கழித்த பிறகு கையில் மிஞ்சுவது கடன்தான். வீடு கம்பனியுடையது என்பதால் சங்கத்தில் சேர்ந்தவனுக்கு வேலையும் போகும், கூரையும் போகும்.

1920 மே 19ஆம் திகதி மேற்கு வேர்ஜினியாவில் மேட்வான் என்ற சிறு ஊரில் இதுதான் நடந்தது. சங்கத்தில் சேர்ந்த குடும்பங்களின் சட்டிபானைகளை மழையில் தூக்கி எறிய, கம்பனிகள் கூலிக்கு அமர்த்திய தனியார் துப்பறியும் படை வந்தது. ஊரின் பொலிஸ் தலைவர் சிட் ஹட்பீல்ட் தொழிலாளர் பக்கம் நின்றார். துப்பாக்கிச் சண்டையில் ஊர் மேயர் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள். அடுத்த வருடம் ஓகஸ்ட் 1ஆம் திகதி மெக்டவல் மாவட்ட நீதிமன்றப் படிகளில், மனைவி பக்கத்தில் நிற்க, ஹட்பீல்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் தண்டிக்கப்படவில்லை.

அந்தச் செய்தி மலைகளில் தீயாகப் பரவியது. 1921 ஓகஸ்ட் கடைசியில் சுமார் 10,000 தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிளேயர் மலையை நோக்கி நடந்தார்கள். வெள்ளைத் தொழிலாளியும் கறுப்புத் தொழிலாளியும் இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளியும் ஒரே வரிசையில் நடந்தார்கள். இவர்கள் ஒன்றுசேர மாட்டார்கள் என்று நம்பித்தான் கம்பனிகள் இனம் இனமாகக் கலந்து ஆள் எடுத்திருந்தன. எதிர்த்தரப்பு வாடகை விமானத்திலிருந்து குண்டு கூடப் போட்டது. கடைசியில் மத்திய அரசாங்கத்தின் இராணுவம் வந்தது. உலகப் போரில் அதே இராணுவத்தில் பணியாற்றிய தொழிலாளர்கள் பலர் அதனோடு சண்டையிட விரும்பாமல் கலைந்து போனார்கள். பல நூறு பேர்மீது கொலை வழக்கும் தேசத்துரோக வழக்கும் போடப்பட்டன. சங்கம் நொறுங்கிப் போனது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1933இல் சங்கம் சேரும் உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டதும், அதே மலைகளில் தொழிலாளர்கள் திரண்டு வந்து சந்தா கட்டினார்கள். சங்கம் வலுப்பெற்ற பிறகு தொழிலாளர் சுகாதார நிதி வந்தது. 1950களில் அந்த நிதியைக் கொண்டு சங்கமே மலைப் பிரதேசங்களில் பத்து ஆஸ்பத்திரிகள் கட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேல் நிலக்கரி ஏற்றிப் போன கம்பனிகள் கட்டாத ஆஸ்பத்திரிகள் அவை.

நிவாரணம் வந்தது, நியாயம் வரவில்லை

பின்பு யந்திரம் வந்தது. பத்துப் பேரின் வேலையை ஒரு யந்திரம் செய்தது. நிலக்கரி போய்க்கொண்டே இருந்தது, தொழிலாளி மட்டும் தேவையில்லாமல் போனான். 1960இல் அங்கே வாக்குக் கேட்டு வந்த ஜோன் கென்னடி அந்த வறுமையை நேரில் பார்த்தார். அவர் ஜனாதிபதியான பிறகு, 1961 மே மாதம், உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் கூப்பன்கள் கொடுக்கப்பட்டன. எங்கே? அதே மெக்டவல் மாவட்டத்தில், பதினைந்து பேர் கொண்ட ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு, 95 டொலர் பெறுமதியில். நாட்டிலேயே அதிக நிலக்கரி தந்த மாவட்டம் அந்தத் திட்டத்தில் முதலில் சோற்றுக் கூப்பனுக்கு வரிசையில் நின்றது! 1964இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் ‘வறுமைக்கு எதிரான யுத்தம்’ என்று அறிவித்து, கென்டக்கியின் மார்டின் மாவட்டத்தில் ஒரு தொழிலாளி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

இந்த உதவிகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். உணவு முத்திரையும் முதியோர் மருத்துவக் காப்புறுதியும் முன்பள்ளித் திட்டமும் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றின. பசித்த வயிற்றுக்குச் சோறு வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த உதவி பசியை ஆற்றியதே தவிர, பசியை உண்டாக்கியதைத் தொடவில்லை. நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரிலேயே இருந்தது.

1972 பெப்ரவரி 26ஆம் திகதி பஃபலோ கிரீக் என்ற ஓடையின் தலைப்பில் கம்பனி கட்டியிருந்த சுரங்கக் கழிவு அணை உடைந்தது. கறுப்பு வெள்ளம் பள்ளத்தாக்கு முழுவதையும் வாரிக்கொண்டு போனது. 125 பேர் இறந்தார்கள், சுமார் 4,000 பேர் வீடிழந்தார்கள். கம்பனி இதைக் கடவுளின் செயல் என்றது! மேட்டில் கழிவைக் குவித்தது கம்பனி, பள்ளத்தில் லயம் லயமாக வீடு கட்டி ஆளைக் குடிவைத்ததும் கம்பனி. பழி மட்டும் கடவுளுக்கு.

வேலையில் உடைந்த உடம்புகளுக்கும் வேலையற்ற மனங்களுக்கும் பிறகு மாத்திரை வந்தது. ஆறே வருடங்களில் மேற்கு வேர்ஜினியாவுக்குள் 78 கோடி வலி நிவாரண மாத்திரைகளை மருந்து விநியோகக் கம்பனிகள் அனுப்பியதை அந்த மாநிலப் பத்திரிகையொன்று வெளிக்கொண்டு வந்தது. குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 433 மாத்திரை. அதே ஆறு வருடங்களில் அந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டு 1,728 பேர் இறந்தார்கள். நிலக்கரி எடுக்க எதுவும் மிஞ்சாத இடத்தில், நோயிலிருந்தும் இலாபம் எடுத்தார்கள்.

எது மாற்றியது?

அந்த மலைகளில் நல்லது எதுவும் நடக்கவில்லையா? நடந்தது. நடந்ததெல்லாம் தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டபோதுதான்.

1968 நவம்பரில் பார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். அடுத்த பெப்ரவரியில், தலைமையின் உத்தரவுக்குக் காத்திராமல், சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு அல்ல. நிலக்கரித் தூசியால் வரும் ‘கறுப்பு நுரையீரல்’ நோயை வேலையால் வந்த நோய் என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்கள். “மூச்சிரைப்பு புகைப்பதால் வந்தது” என்று கம்பனி டாக்டர்கள் சொல்லி வந்த காலம் அது. முதலில் மாநிலச் சட்டம் வந்தது. வருடம் முடிவதற்குள் தூசிக்கு அளவு விதித்து நட்டஈட்டுக்கும் வழிசெய்த நாட்டுச் சட்டமும் வந்தது.

ஆனால் சட்டம் எழுதப்பட்டுவிட்டது என்று தூங்கிவிட முடியாது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேர்ஜினியாவில் மூன்றே மூன்று சிகிச்சை நிலையங்களில் 2013க்கும் 2017க்கும் இடையில் 416 பேருக்கு இந்த நோயின் மிகக் கொடிய நிலை கண்டுபிடிக்கப்பட்டதைச் சொன்னது. நிலக்கரிப் படை மெலிந்துவிட்டதால் கல்லையும் சேர்த்து வெட்டுகிறார்கள், அந்தக் கல்தூசி நுரையீரலை இன்னும் வேகமாக அரிக்கிறது. சங்கங்கள் தளர்ந்துபோன சுரங்கங்களில், “தூசி அதிகம்” என்று வாய்திறந்து சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

2019 ஜூலையில் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் ஒரு நிலக்கரிக் கம்பனி திடீரென வங்குரோத்தானது. தொழிலாளர்கள் வங்கியில் போட்ட சம்பளக் காசோலைகள் திரும்பி வந்தன. புதிய கம்பனி சம்பளத்துக்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும் என்ற சட்டம் இருந்தது, ஆனால் அந்தக் கம்பனி கட்டவில்லை. சங்கம் இல்லாத அந்தத் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். “எங்கள் கூலியைத் தராமல் நாங்கள் வெட்டிய நிலக்கரி போகாது” என்பதுதான் அவர்களுடைய ஒரே வாதம். மனைவியரும் பிள்ளைகளும் வந்து கூடாரம் போட்டார்கள், ஊரார் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் மறியல் நடந்தது. பிறகு நீதிமன்றத்தின் வழியாக நிலுவைச் சம்பளம் வந்தது.

அதற்கு முந்திய வருடம் நடந்ததை ஓர் ஆசிரியனாக இன்னும் மகிழ்ச்சியோடு சொல்கிறேன். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி மேற்கு வேர்ஜினியாவின் 55 மாவட்டங்களிலும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. நாட்டிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவர்களில் அந்த ஆசிரியர்களும் அடங்குவர். வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்குச் சட்ட உரிமை கிடையாது. மாநில ஆளுநரே நிலக்கரிச் சுரங்க முதலாளி. பள்ளிக்கூட பஸ் சாரதியும் சமையல்காரியும் ஆசிரியரோடு சேர்ந்து வெளியே வந்தார்கள். பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று முன்கூட்டியே உணவுப் பொதி கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். பலரின் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை இருந்தது, பிளேயர் மலைக்கு நடந்தவர்களின் ஞாபகமாக. சில நாளில் தலைவர்கள் ஆளுநரோடு ஓர் இணக்கத்துக்கு வந்து, “வேலைக்குத் திரும்புங்கள்” என்றார்கள். அங்கத்தவர்கள் திரும்பவில்லை. வாய்வார்த்தை வேண்டாம், சட்டமாக்கிக் காட்டுங்கள் என்றார்கள். மார்ச் 6ஆம் திகதி 5 வீதச் சம்பள உயர்வு சட்டமானது. ஆசிரியருக்கு மட்டுமல்ல, மாநில ஊழியர் எல்லோருக்கும் கிடைத்தது.

தோழர்களே, அந்த மக்களுக்கும் நமக்கும் வித்தியாசம் நிறைய உண்டு. நம் முன்னோரிடமிருந்து 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்டது. அவர்களுக்கு அப்படி நேரவில்லை. குடியுரிமையும் வாக்கும் கையில் இருந்தும், உலகின் பெரிய பணக்கார நாட்டுக்குள் இருந்தும், அவர்கள் ஏழையானார்கள் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது. நாட்டின் வளர்ச்சி தானாக மலையேறி வராது. தேயிலை, நிலக்கரி எதுவாக இருந்தாலும் செல்வம் கீழே இறங்கிப் போக ரோடு போடுகிறவர்கள், அது திரும்பி வர ரோடு போடுவதில்லை. அந்த ரோட்டை ஒன்றுகூடிய தொழிலாளிதான் போட வேண்டியிருக்கிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது “நாடு வளரட்டும், பொறுத்திருங்கள்” என்று சொன்னால், மெக்டவல் மாவட்டத்தின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எடுத்துப் பேசுங்கள். நாம் குடியிருக்கும் நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது? நாம் பறிக்கும் கொழுந்தின் விலையில் எவ்வளவு இங்கே திரும்பி வருகிறது? நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு சேர்கிறது? பதில் தெரியாவிட்டால் கடதாசியில் எழுதிக் கையெழுத்திட்டு உரிய இடத்தில் கேட்போம். அந்த மலைகளின் மக்களும் காணிப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டுத்தான் தொடங்கினார்கள். இளைஞர்கள் கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எழுதிக் கொடுக்கும் வேலையை நாங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறோம்.